ஜெபமும் இன்சுலினும்

"ஜெபம் பண்ணியாச்சு, இன்சுலினை நிறுத்தலாமா டாக்டர்?" திருச்சியில் அடிக்கடி கேட்கிற கேள்வி.

டைப் 1 சர்க்கரை உள்ள பிள்ளைக்கு நிறுத்தினால், சில நாளிலேயே கீட்டோன் ஏறி உயிருக்கே ஆபத்து.

மலைக்கோட்டை தெப்பக்குளம் பக்கத்துல லூர்து மாதா கோயில் இருக்குல்ல? அந்தப் பெயர் வந்த பிரான்ஸ் லூர்து நகரிலேயே 1883 முதல் டாக்டர்கள் உட்கார்ந்து சோதிக்கிறாங்க. குணமானதா 7,000 பேருக்கு மேல் சொல்லியும், திருச்சபை புதுமைன்னு ஏத்துக்கிட்டது 70 சொச்சம்தான்.

குணமாகாமல் திரும்புறவங்கதான் பெரும்பாலும். அவங்களும் கடவுளை விடலையே! நான் விசுவாசம்னு சொல்றது அதைத்தான்.

கோயில் உச்சியிலிருந்து குதின்னு சாத்தான் சொன்னப்போ இயேசுவே குதிக்கலை. பிதாமேல் நம்பிக்கை இல்லாமலா?

காய்ச்சல், வாந்தி, சாப்பிட முடியலைன்னாலும் இன்சுலினை நீங்களா விடாதீங்க. பிள்ளையைத் தூக்கிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க.