குழு நோட்டைக் கடைசியாகப் புரட்டிப் பார்த்தது எப்போது?

மகளிர் குழுவின் கூட்டம் என்றால் பல ஊர்களில் ஒரே காட்சிதான். மதியச் சமையல் முடிந்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பெண்கள் ஒரு திண்ணையில் கூடுவார்கள். சேமிப்புப் பணம் கைமாறும். ஊக்குநர் நோட்டை நீட்டுவார். "எங்கக்கா கையெழுத்துப் போடணும்?" என்று ஒரு குரல் கேட்கும். காட்டிய இடத்தில் கையெழுத்து விழும். பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்குள் எல்லோரும் வீட்டில் இருந்தாக வேண்டும் அல்லவா!

அந்த அவசரத்தில் யாரும் புரட்டிப் பார்க்காத நோட்டுதான் குழுவின் உண்மையான சொத்து.

தமிழ்நாட்டில் இந்தக் கதை 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கியது. ஐ.நா. அமைப்பான சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் சுயஉதவிக் குழுக்களை உருவாக்கியது. 1992-ல் நபார்டு வங்கி நாடு முழுவதும் 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோட்டத் திட்டத்தைக் கொண்டுவந்தது. நிலப் பத்திரமோ நகையோ இல்லாத பெண்களுக்கு வங்கிக் கதவு திறந்தது அப்படித்தான். 1990-களின் பிற்பகுதியில் மாநில அரசு தன் சொந்த நிதியில் 'மகளிர் திட்டம்' தொடங்க, குழுக்கள் எல்லா மாவட்டங்களுக்கும் பரவின. இன்று மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து செலவிடும் ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழ் இவை இயங்குகின்றன.

நோட்டு பேசினால் வங்கி கேட்கும்

குழுக்களுக்கு ஐந்து விதிகள் உண்டு. தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, உள்கடன், சரியான நேரத்தில் திருப்பிச் செலுத்துதல், ஒழுங்கான கணக்கு. குழு குறைந்தது 6 மாதம் இயங்கியிருந்தால்தான் வங்கிக் கடன். அந்த 6 மாதத்தை வங்கிக் கணக்கு தொடங்கிய நாளில் இருந்து எண்ண மாட்டார்கள். குழுவின் கணக்குப் புத்தகத்தில் இருந்துதான் எண்ணுவார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 12 பேர் மாதம் 200 ரூபாய் சேமித்தால், ஓர் ஆண்டில் 28,800 ரூபாய். முதல் கடனாக, குழு நிதியின் 6 மடங்கு அல்லது 1.5 லட்சம் ரூபாய், இதில் எது அதிகமோ அதை வங்கிகள் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல். அப்படியானால் 1,72,800 ரூபாய் வரை வாய்ப்பு உண்டு. 10 லட்சம் ரூபாய் வரையிலான குழுக் கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது. இந்த இயக்கத்தின் கீழ் 3 லட்சம் வரையிலான கடனுக்கு வட்டி ஆண்டுக்கு 7 சதவிகிதம்.

உள்கடனில் இன்னொரு நன்மை இருக்கிறது. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக ஒருவர் குழுவிடம் வாங்கும் பணத்துக்குக் கட்டும் வட்டி, வெளியே போகாது. குழுவின் நிதியிலேயே சேரும்.

எல்லாக் குழுவும் ஒன்றல்ல

கிராமங்களில் 'குழு லோன்' என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு விஷயங்கள் புழங்குகின்றன. தனியார் மைக்ரோஃபைனான்ஸ் நிறுவனங்களும் பெண்களைக் குழுவாக உட்காரவைத்துத்தான் கடன் தருகின்றன. அங்கே சேமிப்பு கிடையாது, குழுவுக்கென்று நிதியும் கிடையாது. ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்ற நெருக்கடி மட்டும் உண்டு. பல நிறுவனங்களில் வட்டி ஆண்டுக்கு 20 சதவிகிதத்தைத் தாண்டும். அது அரசுக் குழு என்று நம்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, தவணை நாளில் வாசலில் ஆள் வந்து நிற்கும்போது திகைக்கும் பெண்கள் உண்டு.

அரசுக் குழுவிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. வங்கிக்கு எப்போதும் ஒருவரே போய்வருவது, வந்த தொகையைக் கூட்டத்தில் சொல்லாமல் பிரிப்பது, ஒருவர் பெயரில் எழுதி இன்னொருவர் எடுத்துக்கொள்வது... இவையெல்லாம் குழுவை உடைக்கும் வழிகள். கடன் குழுவின் பெயரில் இருப்பதால், பெயர் கெடுவதும் எல்லோருக்கும்தான்.

கூட்டத்தில் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

* என் பெயருக்கு நேரே சேமிப்பு எவ்வளவு, கடன் எவ்வளவு?
* வங்கிக் கணக்கில் இன்று இருக்கும் தொகையும் நோட்டில் உள்ள தொகையும் ஒன்றுதானா?
* சுழல்நிதி வந்ததா, யாருக்கெல்லாம் போனது?
* ஊக்குநரையும் பிரதிநிதிகளையும் மாற்றி எத்தனை ஆண்டாகிறது?

பதில் வராவிட்டால் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் கேட்கலாம். அதற்கு மேல் வட்டார அலுவலகமும், மாவட்ட மகளிர் திட்ட அலுவலகமும் இருக்கின்றன.

2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில், கிராமப் பள்ளிகளில் அடுப்பு மூட்டுவது இந்தக் குழுப் பெண்கள்தான். ஊர்ப் பிள்ளைகளுக்கு உப்புமாவும் பொங்கலும் கிண்டும் வேலை, ஊர்ப் பெண்களுக்கே வருமானமாகிறது. இப்படிப்பட்ட வாய்ப்பு வரும்போது, கணக்கு சரியாக உள்ள குழு நிமிர்ந்து நிற்கலாம்.

"கணக்கைக் காட்டுங்கக்கா" என்று கேட்பது யாரையும் சந்தேகப்படுவது ஆகாது. 200 ரூபாயைச் சிறுகச் சிறுகச் சேர்த்தவருக்கு அது உரிமை. அடுத்த கூட்டத்தில் கையெழுத்துப் போடும் முன், கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு பக்கமாவது படித்துவிடுவோமே!