பம்பாயின் ராத்திரி யாருக்கு?



2025 ஜூலை 14-ஆம் தேதி மகாராஷ்டிரம் முழுவதும் பெர்மிட் ரூம்காரர்கள் ஒரு நாள் கதவடைப்பு நடத்தினார்கள். விற்பனை வரியை 2023 நவம்பரில் 5 சதவிகிதத்திலிருந்து 10 ஆக்கினார்கள். அடுத்து லைசென்ஸ் கட்டணத்தை 15 சதவிகிதம் கூட்டினார்கள். 2025 ஜூனில் சீமைச் சரக்கின் ஆயத்தீர்வையையும் ஏற்றினார்கள். இனி கடை நடத்த முடியாது என்பது அவர்கள் முறையீடு. நம்மவர்கள் பலர் அதைப் பேப்பரில் படித்துவிட்டுச் சிரித்தார்கள். "குடிகாரனுக்கு ஒரு நாள் விரதம்" என்று டீக்கடையில் கேலி பேசினார்கள்.

நாம் சிரிக்கவில்லை. நம் பகுதியில் கடைசியாக மிஞ்சியிருக்கும் நாட்டுச் சரக்குக் கடையையும் மூட வேண்டும் என்று நம் சங்கத்துப் பெண்கள் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கும் நேரம் இது. சங்கம் அதில் என்ன நிலை எடுக்கப்போகிறது என்று கேட்டுப் பல வீடுகளிலிருந்து ஆள் வருகிறது. பதில் சொல்லும் கடமை நமக்கு உண்டு.

முதலிலேயே ஒன்று. நம் சங்கத்தில் குடியை ஆதரித்துப் பேசும் ஆள் ஒருவரும் இல்லை. சம்பள நாளில் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைவாசலில் நிற்கும் பெண்ணைப் பார்த்தவன் எவனும் குடிக்கு வக்காலத்து வாங்க மாட்டான். குடிப்பதா கூடாதா என்பதல்ல இங்கே கேள்வி. பம்பாயில் எந்தக் கடை மூடுகிறது, எந்தக் கடை திறக்கிறது, மூடுவதால் போவது யார் பிழைப்பு, திறப்பதால் கொழுப்பது யார் என்பதே நாம் கேட்பது.

கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த ஊரில் மதுவிலக்குச் சட்டம் வந்தது 1949-இல். மொரார்ஜி தேசாய் உள்துறை மந்திரியாக இருந்த காலம். சட்டம் போட்டதும் ஊர் குடியை விட்டுவிட்டதா? பணக்காரன் டாக்டரிடம் சீட்டு வாங்கி, உடம்புக்கு மருந்து என்று பெர்மிட் எடுத்துக்கொண்டான். நடுத்தரத்தான் தோபி தலாவிலும் பாந்த்ராவிலும் கோவாக்காரப் பெண்கள் வீட்டுக்குள் நடத்திய 'ஆன்ட்டி' கடைக்குப் போனான். கூலிக்காரனுக்குக் கிடைத்தது கள்ளச் சாராயம். அதைக் காய்ச்சிய இடங்களில் நம் தாராவி ஓடைக்கரையும் ஒன்று. திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் சேலத்துப் பக்கத்திலிருந்தும் பஞ்சம் பிழைக்க வந்தவர்களில் சிலர், தோல் பதனிடும் வேலை கிடைக்காத நாளில், சேற்றில் பீப்பாய் புதைத்துப் பிழைத்தார்கள். இதை மறைத்துப் பேசுவதில் நமக்குப் பெருமை இல்லை. வி.டி. ஸ்டேஷனில் மூட்டை தூக்கியவர் என்று சொல்லப்படும் வரதராஜ முதலியார் அந்தச் சாராயத்தில்தான் ராஜாவானார். அவரை நினைத்துச் சினிமாக்கூட எடுத்தார்கள். அடுப்பின் முன்னால் வெந்துகொண்டு நின்ற பெண்களைப் பற்றி யாரும் எடுக்கவில்லை.

சட்டம் யாருக்கு லாபம் தந்தது? போலீசுக்கு ஹப்தா, முதலாளிக்குக் கொள்ளை, குடித்தவனுக்குக் கண் போனது, சிலருக்கு உயிரே போனது. பிறகு சர்க்கார் மெல்லத் தளர்த்தியது. 1973-இல் நாட்டுச் சரக்குக்கு விதிகள் போட்டு லைசென்ஸ் கடைகள் வந்தன. வேடிக்கை என்னவென்றால், 1949 சட்டம் இன்றும் உயிரோடுதான் இருக்கிறது. குடிக்கிறவன் சட்டப்படி பெர்மிட் வைத்திருக்க வேண்டும். கடும் சரக்குக்கு 25 வயது ஆகியிருக்க வேண்டும். போர்டில் 'பெர்மிட் ரூம்' என்று எழுதியிருப்பது அந்தச் சட்டத்தின் மிச்சம். உள்ளே பெர்மிட் கேட்டு எவரும் நம் காதுக்கு எட்டவில்லை!

லால்பாக், பரேல், சிவ்டி, பைகுலா. இந்த மில் வட்டாரத்தை மராட்டியத் தோழர்கள் கிரண்காவ் என்பார்கள், மில் கிராமம் என்று பொருள். மூன்று ஷிப்ட்டும் ஓடிய காலத்தில் அங்கே ராத்திரி என்ற ஒன்று தனியாகக் கிடையாது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இரண்டாம் ஷிப்ட் விட்டு வருகிறவனுக்குக் கானாவளியில் சோறு இருக்கும். அந்தச் சோற்றை ஆக்கிப் போட்ட பெண்கள்தான் 1975-இல் பிரேமா புரவ் அம்மையார் முயற்சியால் அன்னபூர்ணா மகிளா மண்டலமாகச் சேர்ந்தார்கள். லால்பாக்கில் அனுமான் தியேட்டரில் தமாஷா நடக்கும்; லாவணி கேட்க மில் தொழிலாளி டிக்கெட் எடுத்து உட்காருவான். நாட்டுச் சரக்குக் கடையில் தகர மேஜை, மரப்பெஞ்சு. ஒரு நவ்டாக், கொஞ்சம் அவித்த கடலை, உப்பு. ஆரஞ்சு வாசனை போட்ட சரக்குக்கு 'சந்த்ரா' என்று பேர்.

அங்கே குடி மட்டும் நடக்கவில்லை. எந்த மில்லில் பதிலி ஆள் எடுக்கிறார்கள், எந்த ஜாபர் எவ்வளவு லஞ்சம் கேட்கிறான், ஊருக்கு மணியார்டர் போய்ச் சேர்ந்ததா, எழுதப் படிக்கத் தெரிந்தவன் யார் என்பதெல்லாம் அந்தப் பெஞ்சில் தெரிந்துவிடும். யூனியன் ஆபீசுக்கு வரக் கூச்சப்படுகிறவனை அங்கேதான் பிடிப்பார்களாம். இப்போது சங்க வேலைக்கு ஆள் பிடிக்கிற நமக்கு அந்தப் பெஞ்சின் அருமை தெரிகிறது. தொழிலாளி காசு குறைவாகக் கொடுத்து, யாரும் எழுப்பிவிடாமல், இரண்டு மணி நேரம் உட்கார இந்தப் பட்டணத்தில் வேறு இடம் எது?

1982 ஜனவரி 18-இல் டத்தா சாமந்த் தலைமையில் வேலை நிறுத்தம் தொடங்கியது. சுமார் 2½ லட்சம் பேர் வெளியே வந்தார்கள். அது முறையாக முடிந்ததாக இன்றுவரை யாரும் அறிவிக்கவில்லை. மில்கள் ஒவ்வொன்றாகப் பூட்டின. மில் போனதும் கானாவளி போனது, கடை போனது. அனுமான் தியேட்டர் கல்யாண மண்டபமானது. 1991-இல் மில் நிலத்தை விற்க வழி செய்யும் விதி வந்தது. 2001-இல் அதை இன்னும் முதலாளிக்குச் சாதகமாகத் திருத்தினார்கள். 2006-இல் சுப்ரீம் கோர்ட்டும் சரி என்றது.

விற்ற நிலத்தில் முளைத்தது என்ன தெரியுமா? மறுபடியும் மதுக்கடை! பீனிக்ஸ் மில்லில் நெசவுத் தறி நின்ற இடத்தில் டிஸ்கோவும் பந்து உருட்டும் விளையாட்டும் வந்தன. கமலா மில் வளாகம் பப் வளாகமாயிற்று. 2017 டிசம்பர் 29 நள்ளிரவுக்குப் பின் அங்கே மொட்டை மாடியில் தீப்பிடித்து 14 பேர் மாண்டார்கள். மில் ஓடிய காலத்தில் பாதுகாப்பு விதி மீறினால் யூனியன் கேட்கும். பப்பில் யார் கேட்பது? அங்கே ஒரு கிளாஸ் பியருக்குப் போடும் பில், நாக்காவில் நிற்கும் நம் ஆளின் ஒரு நாள் கூலியில் பாதிக்கு மேல். ஆக, ராத்திரி வாழ்க்கை செத்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது கைமாறியிருக்கிறது.

நடன பார்களின் கதியும் இதில் சேர்த்தி. 2005 ஆகஸ்டில் ஆர்.ஆர். பாட்டீல் உள்துறை மந்திரியாக இருந்தபோது தடை வந்தது. நட்சத்திர ஓட்டலில் ஆடினால் கலை, சாதா பாரில் ஆடினால் ஆபாசம் என்று சட்டத்திலேயே பிரித்தார்கள். இந்தப் பாகுபாடு செல்லாது என்று 2006-இல் ஹைகோர்ட்டும் 2013-இல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லின. சர்க்கார் 2014-இலும் 2016-இலும் வேறு வேறு சட்டம் கொண்டுவந்தது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் அதன் பல நிபந்தனைகளை நீக்கியது. பதினான்கு வருஷம் வழக்கு நடந்த பிறகு எந்தப் பெண் பழைய வேலைக்குத் திரும்புவாள்? அந்தப் பெண்களை நம்பி வாடகைக்கார், பூக்காரி, தையல்காரர் என்று எத்தனை பேர் இருந்தார்கள் என்பதை மந்திரிசபை கணக்கில் எடுக்கவே இல்லை.

நாம் ரயில்வே புக்கிங் ஆபீசில் உட்கார்ந்து டிக்கெட் கொடுப்பவர்கள். இப்போது பாதிப் பேர் கைப்பேசியிலேயே எடுத்துவிடுகிறார்கள். ஆனாலும் ராத்திரி டியூட்டியில் முகங்கள் பழக்கம். கடைசி வண்டிக்கு ஓடிவருபவர்களின் கையைப் பார்த்தால் தொழில் தெரியும். பாத்திரம் கழுவி ஊறிப்போன விரல், வெங்காய வாசனை, மஞ்சள் கறை. ஷெட்டி ஓட்டல்களிலும் பார்களிலும் மேஜை துடைக்கும் நம் பையன்கள், வாசலில் முட்டை புர்ஜி-பாவ் வண்டி போடுகிறவர்கள், மல்லிகைச் சரம் விற்றுவிட்டு மிச்சத்தைக் கூடையில் கொண்டுபோகும் அம்மாக்கள். ஒரு சாதாரண பெர்மிட் ரூம் மூடினால் அதன் வாசலில் நான்கு வண்டிக்காரன் பிழைப்புப் போகிறது. பப் வாசலில் வண்டி போட விடமாட்டான்; செக்யூரிட்டி விரட்டுவான்.

2020 ஜனவரியில் 'மும்பை 24 மணி நேரம்' என்று முழக்கினார்கள். மால்களும் பெரிய ஓட்டல்களும் விடிய விடியத் திறக்கலாமாம். மது மட்டும் 1.30 மணியோடு சரி. அடுத்த இரண்டே மாதத்தில் கொரோனா வந்து எல்லாவற்றையும் பூட்டியது வேறு விஷயம். நாம் கேட்பது இதுதான்: ராத்திரி ஒரு மணி வாக்கில் கடைசி வண்டி போனால் நான்கு மணி சுமாருக்குத்தான் அடுத்த வண்டி. இடையில் வேலை விட்டவன் பிளாட்பாரத்தில் படுக்க வேண்டும். இட்லிக் கொப்பரை ஏற்றிக்கொண்டு விடியுமுன் கிளம்பும் தாராவிச் சைக்கிள்காரனுக்கு லைசென்ஸ் கிடையாது. ராத்திரி வேலை செய்யும் பெண்ணுக்கு ஒதுங்கக் கக்கூஸ் கிடையாது. மாலுக்கு மட்டும் ராத்திரியைத் திறந்துவிட்டு அதை முன்னேற்றம் என்கிறார்கள்.

இனி நம் கையெழுத்து விஷயத்துக்கு வருவோம். மகாராஷ்டிரத்தில் நல்ல ஏற்பாடு ஒன்று உண்டு. வார்டில் உள்ள பெண் வாக்காளர்களில் குறிப்பிட்ட விகிதத்தினர் மனுக் கொடுத்தால் ரகசிய வாக்கெடுப்பு நடத்த வேண்டும். சீட்டில் இரண்டு படம்: நிற்கும் பாட்டில், கிடக்கும் பாட்டில். கிடக்கும் பாட்டில் ஜெயித்தால் கடை மூட வேண்டும். 'ஆட்வி பாட்லி' என்று மராட்டியச் சகோதரிகள் இதைச் சொல்வார்கள். பெண்கள் போராடிப் பெற்ற உரிமை இது. இதில் குறுக்கே நிற்க எந்த ஆணுக்கும், நம் சங்கத்து நிர்வாகிகள் உட்பட, வாயில்லை.

ஆனால் மனுவின் வாசகத்தைப் பார்த்தோம். நாட்டுச் சரக்குக் கடை ஒன்றைப் பற்றித்தான் இருக்கிறது. நாற்பதடி தள்ளி இருக்கும் வைன் ஷாப்பைப் பற்றி ஒரு வரி இல்லை. சந்துக்குள் பிளாஸ்டிக் பையில் விற்கிறவனைப் பற்றி ஒரு வரி இல்லை. சென்ற மாதக் கூட்டத்தில் ஒரு சகோதரி எழுந்து சொன்னது நினைவிருக்கும்: "முன்னெல்லாம் கடையிலே குடிச்சிட்டு வந்து படுத்துக்குவார். அந்தப் பார் மூடினதுக்கப்புறம் பாட்டிலை வாங்கிட்டு வந்து கோலிக்குள்ளேயே உக்காந்துக்கறார். பத்துக்குப் பத்து ரூம்ல புள்ளைங்க எங்கண்ணே போய்ப் படிக்கும்?" கூட்டத்தில் யாரும் அதற்குப் பதில் சொல்லவில்லை. அடுத்த தீர்மானத்துக்குப் போய்விட்டோம்.

அதைவிடக் கொடியது இருக்கிறது. 2004 டிசம்பரில் விக்ரோலியில் கள்ளச் சாராயம் எண்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. 2015 ஜூனில் மாலாட் மால்வணியில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மெத்தனால் கலந்த சரக்கு. செத்தவர்கள் பெரும்பாலும் அன்றாடக் கூலிகள். லைசென்ஸ் கடைச் சரக்கின் விலை ஏற ஏறக் கள்ளச் சரக்குக்கு வாடிக்கை கூடுகிறது. 2025-இல் நாட்டுச் சரக்கின் தீர்வையையும் சர்க்கார் விட்டுவைக்கவில்லை. மூடுகிற கடைக்குப் பதில் எது வரும் என்று யோசிக்காமல் மூடினால், செத்தவன் வீட்டுப் பெண்தான் அதற்கும் அழ வேண்டும்.

ஆகவே நம் கருத்து: மனு பாதிதான் எழுதப்பட்டிருக்கிறது. வைன் ஷாப்பும் அதில் சேர வேண்டும். சந்துக்குள் விற்பனை நடக்கும் இடங்களைப் பேர் சொல்லி, ஆயத்தீர்வை ஆபீசுக்கும் போலீசுக்கும் தனித்தனியே நகல் போக வேண்டும். ஹப்தா வாங்குகிறவனுக்கும் சங்கத்திடம் நகல் இருப்பது தெரியட்டும். அந்தக் கடையில் வேலை பார்க்கும் நம் பையன்கள் ஆறு பேர். அவர்கள் பேரும் வேலையும் பாக்கிச் சம்பளமும் மனுவோடு சேர வேண்டும். நம் சங்கத்து வாசகசாலையை எட்டு மணிக்குப் பூட்டுவதை நிறுத்தி, இரண்டாம் ஷிப்ட் விட்டு வருகிறவன் உட்காரப் பதினொன்று வரை திறந்து வைக்க வேண்டும். மின்சாரக் கட்டணம் கூடும் என்று பொருளாளர் சொல்கிறார். கூடட்டும், சந்தாவில் பார்த்துக்கொள்ளலாம்.

வாசகம் திருத்தி எழுதியாகிவிட்டது. வரும் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு, பெண்கள் மட்டும் கூடும் கூட்டத்தில் அதைப் படித்துக் காட்டுவார்கள். ஏற்பதும் தள்ளுவதும் அவர்கள் இஷ்டம். ஆண்கள் அன்று குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கவும்.