மழையில் நிற்கிற டயரே நல்ல டயர்



மூட்டையைப் பிரித்து ஒரு பிடி அள்ளிப் பார்க்காமல் நாம் பருப்பு வாங்குவதில்லை. மிளகாய் வற்றலை முகர்ந்து பார்க்காமல் விலை பேசுவதில்லை. அப்படிப்பட்ட நாம், குடும்பத்தோடு ஏறிப் போகிற காருக்கு டயர் வாங்கும்போது மட்டும் "எது விலை குறைவு? எது அதிக நாள் உழைக்கும்?" என்ற இரண்டு கேள்விகளோடு முடித்துக் கொள்கிறோம். இன்று நம் பிள்ளைகள் ஓட்டுகிற கார்கள் அந்தக் காலத்து அம்பாசடர் அல்ல. நாலுவழிச் சாலையில் நூறைத் தொடுவது அவர்களுக்குச் சர்வ சாதாரணம். ஆகவே மூன்றாவதாக ஒரு கேள்வியை முதலில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து: "மழையில் பிரேக் போட்டால் எங்கே நிற்கும்?"

ஒரு கார் டயர் தரையைத் தொடுவது ஏறக்குறைய ஒரு கையகலம்தான். நான்கு கையகல ரப்பரை நம்பித்தான் வண்டியும் அதில் இருக்கும் உயிர்களும் ஓடுகின்றன. சாலை காய்ந்திருக்கும்போது சுமாரான டயர்கூட ஓரளவு பிடித்துக்கொள்ளும். தரம் தெரிவது ஐப்பசி, கார்த்திகை மழையில்தான். டயரின் பட்டன்களுக்கு இடையே உள்ள பள்ளங்கள் தண்ணீரை வாரி வெளியே தள்ள வேண்டும். தள்ள முடியாத வேகம் வந்தால் டயர் தண்ணீரின் மேல் மிதக்கும். அப்போது ஸ்டியரிங்கும் பயன்படாது, பிரேக்கும் பயன்படாது. அமெரிக்காவின் நாசா நிறுவனம் 1960-களில் செய்த சோதனைகளில், காற்றழுத்தம் குறையக் குறைய டயர் மிதக்கத் தொடங்கும் வேகமும் குறைகிறது என்று தெரிந்தது. காற்றுப் பிடிப்பதில் காட்டும் அலட்சியம் எங்கே கொண்டு விடும் என்பதற்கு இது போதும்.

இளைஞர்களிடம் ஒரு மோகம் பரவியிருக்கிறது. கம்பெனி கொடுத்த சக்கரத்தைக் கழற்றிவிட்டு, பெரிய அலாய் சக்கரமும் அகலமான டயரும் போடுகிறார்கள். காய்ந்த சாலையில் வளைவுகளில் நல்ல பிடிப்புக் கிடைப்பது உண்மைதான். ஆனால் அகலம் கூடினால் தள்ள வேண்டிய தண்ணீரும் கூடும். மற்றவை சமமாக இருந்தால் அகல டயர்தான் முதலில் மிதக்கும். வண்டிக் கம்பெனி சொன்ன அளவே போதும். கூடுதல் பணம் இருந்தால் அகலத்துக்குக் கொடுக்காமல் தரத்துக்குக் கொடுங்கள்.

தரத்தை எப்படி அறிவது? டயரின் பக்கவாட்டிலேயே பாதி எழுதியிருக்கிறது. 195/55 R16 87V என்று இருந்தால், அகலம் 195 மி.மீ., பக்கவாட்டு உயரம் அதில் 55 சதவீதம், ரேடியல், சக்கரம் 16 அங்குலம். 87 என்பது ஒரு டயர் 545 கிலோ தாங்கும் என்பதற்கான குறி. V என்பது மணிக்கு 240 கி.மீ. வரை தாங்கும் என்பதற்கான எழுத்து. இந்த இரண்டிலும் வண்டிக் கம்பெனி சொன்னதற்குக் கீழே இறங்கக் கூடாது.

'டிரெட்வேர்' என்று ஓர் எண் இருந்தால், அது பெரிதாக இருக்க இருக்க உழைப்பு அதிகம். ஆனால் நெடுநாள் உழைக்கும் கெட்டி ரப்பர் பெரும்பாலும் பிடிப்பில் பின்தங்கும். அடுத்துள்ள 'டிராக்ஷன்' எழுத்து ஈரத்தரையில் பிரேக் பிடிக்கும் திறனைக் காட்டுவது. AA முதல் தரம், C கடைசி. ஐரோப்பிய லேபிள் ஒட்டிய டயரானால் ஈரப்பிடிப்புக்கு A முதல் E வரை தரம் போட்டிருக்கும். 'சம்மர் டயர்' என்ற பெயரைப் பார்த்து, மழைக்கு ஆகாது என்று ஒதுக்க வேண்டாம். அது பனிநாட்டுக் கணக்கு. நம் சமவெளி மழைக்கு அதுவே பொருத்தம். பனிக்கும் சேர்த்துச் செய்த டயருக்கு நாம் ஏன் காசு கொடுக்க வேண்டும்?

பட்டன் 1.6 மி.மீ. ஆழத்துக்குத் தேய்ந்தால் சட்டப்படி அந்த டயர் ஓடக்கூடாது. அதைக் காட்டும் சிறு மேடுகள் பள்ளத்துக்குள்ளேயே இருக்கின்றன. ஆனால் சட்டத்தின் எல்லை வேறு, பத்திரத்தின் எல்லை வேறு. 3 மி.மீ. வந்ததும், மழைக்காலத்துக்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது. இரண்டு டயர் மட்டும் மாற்றுவதானால் புதியவற்றைப் பின்னால் போடுங்கள். பின்சக்கரம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும். சாதாரண ஓட்டுநரால் அதைத் திருப்பிப் பிடிக்க முடியாது.

இனி, நம் சங்கத்திலேயே டயர் வியாபாரம் செய்யும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. டயரில் நான்கு இலக்க எண் ஒன்று உண்டு. 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். கிடங்கில் கிடந்தாலும் ரப்பர் மூப்படையும். பழைய சரக்கைப் பழைய சரக்கு என்று சொல்லி விலை குறைத்து விற்பது வியாபாரம். சொல்லாமல் புதுச்சரக்கு விலைக்கு மாட்டி அனுப்புவது வியாபாரம் அல்ல. அரிசியில் கல் கலந்தால் பல் போகும். இதில் உயிரே போகும். டயர் பில்லில் இந்த வார எண்ணையும் எழுதிக் கொடுப்பது என்று நம் சங்கக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டால் என்ன? 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. விலை இறங்கியிருக்கும் இந்த நேரத்தில் வாடிக்கையாளரின் நம்பிக்கையை ஏற்றிக்கொள்வது புத்திசாலித்தனம்.

வாங்குகிற நாமும் அந்த எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். கேட்கிற வாடிக்கையாளர் இருக்கும் கடைவீதியில்தான் நல்ல சரக்கு வந்து இறங்கும். இது நமக்குத் தெரியாததல்ல.