திரை மாட்டினால் இரவு வசப்படுமா?

செஞ்சியில் திருவண்ணாமலைச் சாலை டீக்கடை ஒன்றில், பொறியியல் படித்த தம்பி ஒருவர் என்னிடம் சொன்னார்: “வீட்டுலயே விமானம் செஞ்சிடலாம் சார். இப்ப திரை மலிவு, ஜிபிஎஸ் மலிவு, எல்இடி விளக்கு அதவிட மலிவு. மாட்டிட்டா ராத்திரியும் பறக்கலாம், மேகத்துக்குள்ளயும் பறக்கலாம். தடுக்கிறது சட்டம்தான்.”

அவர் சொன்னதில் முதல் வாக்கியத்தோடு எனக்குச் சண்டையில்லை. செவித்திறனும் பேச்சுத்திறனும் இல்லாத இடுக்கிக்காரர் சஜி தாமஸ் தன் கையால் செய்த சிறு விமானம், நம் திருநெல்வேலி மாவட்டத்து மணிமுத்தாறில் பறந்தது. இங்கிலாந்தில் வாழும் ஆலப்புழைக்காரர் அசோக் தாமராட்சன், ஊரடங்குக் காலத்தில் ஸ்லிங் டிஎஸ்ஐ என்ற நாலு இருக்கை விமானத்தின் உதிரித் தொகுப்பை வாங்கிப் பூட்டி, 2022இல் குடும்பத்தோடு ஐரோப்பாவைச் சுற்றிவந்தார். செய்ய முடியும், செய்தும் காட்டிவிட்டார்கள். என் மறுப்பு அந்த “மாட்டிட்டா” என்ற சொல்லுக்கு. அந்தப் பேச்சுக்குள் ஐந்து வாதங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வாதம் 1: நாலு விளக்கு போட்டால் இரவுப் பறப்பு.

செஞ்சிக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். அமாவாசை இரவில் ராஜகிரி மலை எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. அந்தப் பக்கம் நட்சத்திரம் இல்லை, ஆகவே மலை அங்கேதான் என்று ஊகிக்கலாம், அவ்வளவுதான். சுமார் 800 அடி உயரப் பாறை அது. மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் வரும் சிறு விமானம் நொடிக்கு 50 மீட்டர் கடக்கிறது. முன்விளக்கு 300 மீட்டர் காட்டுகிறது என்றே வையுங்கள். பாறையைப் பார்த்து, அதைப் பாறை என்று உணர்ந்து, திரும்புவதற்குக் கையில் இருப்பது ஆறே நொடி.

இடது இறக்கையில் சிவப்பு, வலதில் பச்சை, வாலில் வெள்ளை, கூடவே மின்னும் விளக்கு எல்லாம் நம்மைப் பிறர் பார்ப்பதற்காக. நமக்கு வழி காட்ட அல்ல. அமெரிக்காவின் 91.205 என்ற விதி இரவுக்கு என்னென்ன வேண்டும் என்று பட்டியல் போடுகிறது. வாடகைக்கு ஓட்டாத விமானத்துக்கு அதில் முன்விளக்கு கட்டாயமே இல்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் போதிய மின்சாரமும் மாற்று ஃபியூஸும் கட்டாயம். எதை முக்கியமாக நினைக்கிறார்கள் என்பது இதிலேயே தெரிகிறது.

நம் நாட்டு விதி இன்னும் நேரடியானது. சூரியன் மறைந்து 20 நிமிடத்துக்குப் பின்னும், உதிப்பதற்கு 20 நிமிடம் முன்பு வரையும், கண்ணால் பார்த்துப் பறக்கும் பறப்புக்கு இடமில்லை. கட்டுப்பாட்டு நிலையம் விலக்கு அளிக்கும் உள்ளூர்ப் பறப்பும் பயிற்சிப் பறப்பும் மட்டுமே விதிவிலக்கு. இங்கே இரவு என்றாலே கருவியை நம்பிப் பறப்பதுதான்.

வாதம் 2: ஒரே திரை எல்லாவற்றையும் காட்டும்.

காட்டும். ஆனால் அந்தத் திரைக்குச் செய்தி எங்கிருந்து வருகிறது? வேகம், இறக்கையில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு குழாய்க்குள் காற்று அழுத்துவதிலிருந்து. உயரம், உடலில் இருக்கும் குண்டூசித் துளை போன்ற ஒன்றிலிருந்து. நம் ஊரில் சுவரில் ஒரு துளையை ஒரு வாரம் திறந்து விட்டுப் பாருங்கள், குளவி மண் வைத்து அடைத்திருக்கும். விமானக் குழாய்க்கும் அதே குளவிதான். உறை போடாமல் நிறுத்திய விமானத்தில் அடுத்த பறப்பின்போது வேகம் தப்பாகக் காட்டும். சில மலிவான திரைகள் விமானம் சாய்ந்திருக்கிறதா, நிமிர்ந்திருக்கிறதா என்று கணக்கிடவே அந்த வேகத்தைத் துணைக்கு எடுக்கின்றன. குழாய் அடைத்தால் போவது வேகம் மட்டுமல்ல, அடிவானமும்தான்.

“ரெண்டு திரை வச்சிட்டா?” என்று கேட்பார்கள். ஒரே ஃபியூஸிலிருந்து இரண்டுக்கும் வயர் இழுத்திருந்தால் அது ஒரு திரைதான். வீட்டில் ஃபேனும் டியூப்லைட்டும் ஒரே இன்வெர்ட்டரில் இருக்கும்போது பேட்டரி செத்தால் இரண்டும் சேர்ந்துதான் நிற்கும். மாற்றுக் கருவி என்றால் அதற்குத் தனி பேட்டரி வேண்டும். இன்றைய எஞ்சின்கள் சில, மின்சாரத்தில் எரிபொருள் பீய்ச்சுபவை. அவற்றில் கரண்ட் போனால் திரையோடு எஞ்சினும் அணையும். ஸ்லிங் டிஎஸ்ஐயில் உள்ள ரோடாக்ஸ் 915 எஞ்சினுக்குள்ளேயே இரண்டு ஜெனரேட்டர் வைத்திருப்பது அதனால்தான்.

வாதம் 3: தொழிற்சாலை விமானத்தில் இருக்கும் அதே கருவிதானே?

கருவி அதேதான், பொருத்தியவர் வேறு. அலுமினிய விமானத்தில் மின்சாரம் திரும்பிவர உடலே வழியாகும். கண்ணாடி இழையில் செய்த உடல் மின்சாரத்தைக் கடத்தாது, ஒவ்வொன்றுக்கும் திரும்பும் வயர் தனியாக இழுக்க வேண்டும். இடி மின்னலுக்கும் அந்த உடலில் பாதுகாப்புக் குறைவு. ஐப்பசி மழை மேகத்தில் இது சின்ன விஷயமல்ல.

எதை எங்கே வைக்கிறோம் என்பதும் உயிர்ப் பிரச்சினை. பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று லாங் ஈஸி என்ற வீட்டுத் தயாரிப்பு விமானத்தில் விழுந்து இறந்தார். அதைக் கட்டியவர் எரிபொருள் வால்வை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் மாற்றி வைத்திருந்தார். அது பட்டப்பகலில் நடந்தது. இரவில், மேகத்தில், தலையைப் பின்னால் திருப்பி வால்வைத் தேடுவதை நினைத்துப் பாருங்கள்.

வாதம் 4: ஜிபிஎஸ் இருக்கிறது, ஆட்டோபைலட் இருக்கிறது, பயமென்ன?

கையில் இருக்கும் டேப்லெட் “நீ இங்கே இருக்கிறாய்” என்று சொல்லும். “நான் சொல்வது இப்போது நம்பத்தக்கதல்ல” என்று சொல்லத் தெரிந்த கருவிதான் மேகத்துக்கு வேண்டியது. நம் நாட்டின் ககன் என்ற செயற்கைக்கோள் அமைப்பு, ஜிபிஎஸ்ஸுக்கு வேண்டிய திருத்தத்தையும் அந்த எச்சரிக்கையையும் வானிலிருந்து தருகிறது. 2022 ஏப்ரல் 28 அன்று இண்டிகோவின் ஏடிஆர் விமானம் ராஜஸ்தானின் கிஷன்கரில் அதைக் கொண்டு இறங்கியது. ஆனால் அதற்கு அங்கீகாரம் பெற்ற ரிசீவர் வேண்டும், அந்தந்த ஓடுபாதைக்கு வகுத்து வெளியிட்ட இறங்குமுறையும் வேண்டும்.

மனிதனோ இன்னும் பலவீனமானவன். 1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரை வெளிக்காட்சியை மறைத்துப் பறக்க வைத்தார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 நொடியில். காரணம் காதுக்குள் இருக்கிறது. சுழலும் நாற்காலியில் கண்ணை மூடி உட்காருங்கள். ஒருவர் சீராகச் சுற்றட்டும். சிறிது நேரத்தில் நின்றுவிட்டதாகத் தோன்றும். உண்மையில் நிறுத்தும்போது எதிர்ப்பக்கம் சுற்றுவதாகத் தோன்றும். அந்தப் பொய்யை நம்பாமல் கருவியை நம்பப் பழகுவதற்குத்தான் தனி உரிமம்.

1999 ஜூலை 16 இரவு அமெரிக்க முன்னாள் அதிபர் ஜான் கென்னடியின் மகன் கடலில் விழுந்தபோது அவருடைய சரடோகா விமானத்தில் ஆட்டோபைலட் இருந்தது. அவரிடம் கருவிப் பறப்பு உரிமம் இல்லை. நமக்கு அருகில், 2021 டிசம்பர் 8 அன்று குன்னூரில் 14 உயிரைப் பறித்த விபத்து. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் சென்ற எம்ஐ-17 ஹெலிகாப்டர் எதிர்பாராமல் மேகத்துக்குள் நுழைந்ததால் விமானிக்குத் திசை உணர்வு தப்பியது என்றது விமானப்படையின் விசாரணை. ராணுவ விமானிக்கே அப்படி என்றால் நாம் எம்மாத்திரம்?

வாதம் 5: சட்டம்தான் தடை.

இதில் பாதி உண்மை. மும்பை விமானி அமோல் யாதவ் மொட்டைமாடியில் ஆறு இருக்கை விமானம் கட்டினார். 2016இல் காட்சிக்கு வைத்தார். பதிவு கிடைத்தது 2017இல், பறக்க அனுமதி 2019இல். அந்த அலைச்சலை நான் நியாயப்படுத்தப் போவதில்லை. ஆனால் வீட்டு விமானத்துக்குக் கதவை அகலத் திறந்த அமெரிக்காவும் இரவுக்கு மட்டும் கதவருகே நிற்கிறது. முதலில் 25 அல்லது 40 மணி நேரம் சோதனைப் பறப்பு. பிறகும், தக்க கருவிகள் பொருத்தினால் ஒழிய, பகலில் கண்ணால் பார்த்து மட்டுமே. அதைத் திறமைக்குப் போட்ட பூட்டாகப் பார்க்க வேண்டியதில்லை.

மாற்று ஏற்பாடு நம் ஊருக்குப் புதிதல்ல. முகலாயத் தளபதி சுல்பிகார் கான் 1690இல் முற்றுகையிட்ட செஞ்சிக் கோட்டை 1698இல்தான் விழுந்தது. கோட்டையின் மூன்று மலைக்கும் தனித்தனி அரண். மேலே சுனை, கீழே குளம். ஒன்று போனாலும் இன்னொன்று நிற்கட்டும் என்று கட்டியவர்களின் ஊர் இது.

அந்தத் தம்பிக்கு நான் சொன்னது இதுதான்: முதலில் பகல் விமானம் கட்டு. பிறகு ஒரு ராத்திரி ஷெட்டுக்குள் அதில் உட்கார்ந்து, ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கு. நோட்டில் இரண்டு பத்தி போடு: போனது, மிஞ்சியது. இரண்டாம் பத்தி எந்த வரியிலாவது காலியாக இருந்தால், அந்த விமானம் பொழுது சாய்வதற்குள் தரைக்கு வந்துவிட வேண்டும்.