சப்பாத்தி மாவுக்குப் பின்னால் ஒரு சாம்பல் சத்து!

பொழிச்சலூர் மளிகைக் கடையில் கோதுமை மாவு விலை ஏறினால், "இந்த மாசமும் ஏத்திட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு வாங்கி வந்துவிடுகிறோம். சில வருடங்களில் அந்த விலையேற்றத்துக்கான ஒரு காரணம், பஞ்சாப், ஹரியானா வயல்களின் மார்ச் மாத வெயிலில் இருக்கிறது.

1901-க்குப் பிறகு இந்தியா கண்ட மிக வெப்பமான மார்ச், 2022-ல் வந்தது. நவம்பரில் விதைத்த கோதுமை பால் பிடித்து முற்றும் நேரம் அது. மணிகள் சுருங்கின. மே 13 அன்று மத்திய அரசு கோதுமை ஏற்றுமதிக்கே தடை போட்டது.

2023-ல் பிப்ரவரியிலேயே வெயில் ஏறியது. அப்போது கர்னாலில் உள்ள கோதுமை ஆராய்ச்சி நிறுவனம் விவசாயிகளுக்கு ஒரு யோசனை சொன்னது: ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீரில் 400 கிராம் பொட்டாஷ் உரத்தைக் கரைத்து இலைமேல் தெளியுங்கள். பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை பொட்டாசியம் நைட்ரேட். அதே 200 லிட்டருக்கு 4 கிலோ. தொண்டைக்கதிர் பருவத்தில் ஒருமுறை, பூக்கும்போது ஒருமுறை.

மண்ணில் போடாமல் இலையில் ஏன்?

சாம்பல் சத்து எனப்படும் பொட்டாசியம், ஈரத்தின் வழியாகத்தான் வேரை எட்டும். மண் காய்ந்தால் சத்து இருந்தும் பயிருக்குக் கிடைக்காது. இலையில் தெளித்தால் நேராக உள்ளே போகும். இலையிலுள்ள நுண்துளைகள் திறந்து மூடுவதற்கு இந்தச் சத்து தேவை. துளைகள் சரியாக மூடினால், இருக்கும் நீர் வீணாக ஆவியாகாது. இலையில் தயாராகும் சர்க்கரை மணிக்குப் போய்ச் சேரவும் இது உதவுகிறது.

நம்மூர் நெல்லுக்கும் இந்த வைத்தியம் உண்டு. வறட்சி தாக்கும்போது 1 சதவிகிதப் பொட்டாஷ் கரைசலைத் தெளிக்கச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். அதாவது, லிட்டருக்கு 10 கிராம்.

கவனிக்க வேண்டியது அளவு. கோதுமைக்கு வேறு, நெல்லுக்கு வேறு, உரத்துக்கு உரம் வேறு. கூடினால் இலை கருகும். உச்சி வெயிலில் தெளிக்கக் கூடாது, மாலைதான் நல்லது. மாடித்தோட்டத் தக்காளிக்கும் இதே விதிதான்.

ஒன்றை மறக்க வேண்டாம். இந்தத் தெளிப்பு தண்ணீருக்கு மாற்று அல்ல. இருக்கிற தண்ணீரைப் பயிர் சிக்கனமாகச் செலவழிக்க ஒரு கைத்தாங்கல், அவ்வளவுதான். கடைசி நேரத்தில் ஒரு பாசனம் கிடைத்தால், அதுவே முதல் மருந்து.