தில்லைத் தீர்ப்பும் நம் பள்ளிவாசல்களும்

கடலூர் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டையிலிருந்தும் லால்பேட்டையிலிருந்தும் துணி எடுக்கவும் ரயில் ஏறவும் சிதம்பரம் செல்லும் நம் மக்கள், நடராசர் கோயிற் கோபுரங்களைக் கண்டவாறே கடந்து செல்கின்றனர். அக்கோயிலைப் பற்றிய வழக்கு நமக்குத் தொடர்பற்றது என்று அவர்களுள் எவரேனும் எண்ணியிருப்பின் அது பிழையாகும்.

1951இல் அக்கோயிலுக்கு நிர்வாக அதிகாரியை அமர்த்த அரசு முற்பட்டபோது, பொது தீட்சிதர்கள் தனியொரு சமயப் பிரிவினர் எனச் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்று, அம்முயற்சியைத் தடுத்தது. 1987இல் அரசு மீண்டும் அதிகாரியை நியமித்தது. 2009இல் உயர் நீதிமன்றம் அரசின் பக்கம் நின்றது. 2014 ஜனவரி 6ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அதனை மாற்றியது. 1951இல் முடிந்த வினாவை மீண்டும் கிளறலாகாது. நிர்வாகத்தில் சீர்கேடு இருப்பின், அதனைக் களையும் வரை மட்டுமே அரசு பொறுப்பேற்கலாம். பின்னர் உரியவரிடமே ஒப்படைத்துவிட வேண்டும் என்றது.

இத்தீர்ப்புக்கு அடிப்படை அரசியல் சட்டத்தின் 26ஆம் பிரிவு. நம் பள்ளிவாசல்களுக்கும் தர்காக்களுக்கும் மத்ரஸாக்களுக்கும் அரணாக நிற்பதும் அதே பிரிவுதான். கோயிலுக்காக வகுத்த அளவுகோலைக் கொண்டே நாளை நம்மையும் அளப்பர். (சீர்கேட்டைக் களைய அரசு வரலாம் என்பதும் அந்த அளவுகோலில் அடங்கும். ஜமாஅத் கணக்கை ஆண்டுக்கொருமுறையேனும் ஊராரிடம் வாசித்துக் காட்டத் தயங்கும் முத்தவல்லிகள் இதனை நினைவிற் கொள்வாராக.)

நம் உள்ளத்தை உறுத்துவது வேறொன்று. ஒரு மதத்துக்கு இன்றியமையாதது எது என்பதை அம்மதத்தின் கோட்பாட்டைக் கொண்டே முதற்கண் அறிய வேண்டும் என 1954இல் சிரூர் மடத்து வழக்கில் உச்ச நீதிமன்றம் உரைத்தது. 1961இல் அஜ்மீர் தர்கா வழக்கிலோ, மதத்தின் பெயரால் வரும் வழக்கங்களுள் மூடநம்பிக்கையால் ஒட்டிக்கொண்டவையும் இருக்கலாம்; அவற்றை நுணுகி ஆராய வேண்டும் என்றது. ‘இன்றியமையாதது’ என்னும் சொல்லே 26ஆம் பிரிவில் இல்லை. அது நீதிபதிகள் தந்த விளக்கம். அவ்விளக்கத்தின் வழியிலேதான், தொழுகையை எங்கும் நிறைவேற்றலாம். ஆகவே பள்ளிவாசல் இஸ்லாத்துக்கு இன்றியமையாததன்று என 1994இல் இஸ்மாயில் ஃபாரூக்கி வழக்கில் பெரும்பான்மை நீதிபதிகள் எழுதினர். நிலக் கையகப்படுத்தலைக் குறித்தே அவ்வாறு கூறப்பட்டது என்று 2018இல் விளக்கம் தரப்பட்டது. எனினும் அச்சொல் ஏட்டில் இருக்கிறது.

சட்டச் சொல்லுக்கு விளக்கம் வேண்டும் என்பது நமக்குப் புதிதன்று. இஜ்திஹாதை அறிந்த சமுதாயம் நாம். அதனைச் செய்வோருக்கு அந்நூலில் ஆழ்ந்த கல்வி வேண்டும் என்ற நிபந்தனையையும் அறிவோம். நீதிபதிகள் அரசியல் சட்டத்துக்கு முஜ்தஹிதுகள், மார்க்கத்துக்கு அல்லர்.

சபரிமலை மறுஆய்வின்போது, 2019 நவம்பரில், நீதிமன்றம் எதுவரை மதத்தினுள் புகலாம் என்ற வினா பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது. பெண்கள் பள்ளிவாசலுக்குள் வருவது பற்றிய வினாவும் அதனோடு சேர்ந்தே சென்றது. அதற்குரிய கிதாபுகள் நம் மத்ரஸா அலமாரிகளில் உள்ளன. அவற்றை நீதிமன்றத்தின் மொழியில் எடுத்துரைக்க வல்ல ஆலிம்கள் நம்மிடையே எத்தனை பேர்?