கட்டிலுக்கும் குலம் உண்டா?

கையில் காசு குறைவாக உள்ள பிரயாணி ராத்திரி எங்கே படுப்பான் என்பதை நம் பெரிய மனிதர்கள் ஒரு கேள்வியாகவே எடுத்துக்கொள்வதில்லை. “பஸ் ஸ்டாண்டில் படுத்துக்கொள்ளட்டும்” என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அவ்வளவு கொடியவர்கள் அல்ல. ஆனால் ஊரில் மலிவான விடுதி ஒன்று வரப்போகிறது என்று காதில் விழுந்தால் மட்டும் பதறுகிறார்கள். கண்ட கண்ட ஜனங்களும் வந்துவிடுவார்களாம், ஊர் கெட்டுவிடுமாம். அதே பெரிய மனிதர்களின் பிள்ளைகள் சிங்கப்பூருக்குப் போய், சீனர் பேட்டையில் எட்டுப் பேர் படுக்கும் அறையில் ஒரு கட்டிலை வாடகைக்குப் பிடித்து, அதைப் படமெடுத்து வீட்டுக்கு அனுப்பினால், அது அனுபவம், அது சாமர்த்தியம்! இந்த இரட்டை நாக்கோடுதான் எனக்குச் சண்டை.

சைனாடவுன் என்று சொல்லுகிற அந்தப் பேட்டையில் நானும் நாலு ராத்திரி படுத்திருக்கிறேன். பழைய கடைவீடு ஒன்றின் மாடி. குறுகலான ஏணிப்படி. அறையில் மேலும் கீழுமாகக் கட்டில்கள். கட்டிலுக்கு ஒரு திரை, ஒரு சின்ன விளக்கு, சாமான் வைத்துப் பூட்ட ஒரு பெட்டி. செருப்பை வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். ராத்திரிக்கு 30, 40 வெள்ளி. அந்த ஊர் ஹோட்டல் வாடகையோடு ஒப்பிட்டால் இது அற்பம். என் மேல்கட்டிலில் ஒரு ஜெர்மன் பையன். எதிரே பினாங்கிலிருந்து வந்த ஒரு சீனக் கிழவர். யாரும் யாரையும் “நீங்கள் என்ன ஜனம்?” என்று கேட்கவில்லை. விரிப்பு வெளுத்திருந்தது. கழிப்பறை சுத்தமாக இருந்தது. இதற்கு மேல் ஒரு பிரயாணிக்கு என்ன வேண்டும்?

இதைப் புதுநாகரிகம் என்று நினைப்பவர்களுக்கு அந்தத் தெருவின் பழைய கதை தெரியாது. பகோடா தெருவில் 37-ஆம் எண் வீடு ஒரு காலத்தில் சீனக் கூலிகளை அடைத்து வைத்த கிட்டங்கி. கப்பலில் வந்து இறங்கியவர்களை அங்கே வைத்திருந்து வேலைக்கு அனுப்பினார்கள். பின்னால் அந்த வட்டாரத்து வீடுகளைப் பலகைத் தடுப்புகளால் கூறு போட்டு, ஒவ்வொரு கூறிலும் ஒரு குடும்பம் குடியிருந்தது. பாரிங்டன் கே என்பவர் 1950-களின் நடுவில் மேல் நான்கின் தெரு என்கிற ஒரே தெருவை ஆராய்ந்து, 1960-ல் ஒரு புத்தகமாகப் போட்டார். ஜன்னல் இல்லாத அறைகளில் மனிதர்கள் எப்படி நெருக்கியடித்து வாழ்ந்தார்கள் என்பது அதில் இருக்கிறது. 2002-ல் அதே பகோடா தெருவில் ஒரு காட்சிசாலை திறந்து, அந்தத் தடுப்பறைகளைச் செய்து வைத்தார்கள். சீட்டு வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்து உச்சுக் கொட்டிவிட்டு, அடுத்த வீட்டு மாடியில் திரை போட்ட கட்டிலில் படுத்துக்கொள்ளலாம்!

இங்கேதான் நான் ஒன்றை வற்புறுத்த விரும்புகிறேன். வீடு அதே வீடு. அறையின் அகலமும் ஏறக்குறைய அதேதான். அன்று அது நரகமாகவும் இன்று சௌகரியமாகவும் இருப்பதற்குக் காரணம், படுக்கிறவனின் குலமோ தோலின் நிறமோ அல்ல. தண்ணீர், கழிப்பறை, இத்தனை பேருக்கு மேல் கூடாது என்கிற கணக்கு, அந்தக் கணக்கைக் கேட்க ஓர் அதிகாரி - இவ்வளவுதான். மலிவு வேறு, அழுக்கு வேறு. இரண்டையும் ஒன்றாகக் கட்டி வைத்தவர்கள் அழுக்கில் லாபம் கண்டவர்கள்.

அதே தெருமுனையில் நம்மவர் கதையும் ஒன்று உண்டு. 1819-ல் ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை, 1827-ல் மரத்தாலும் ஓலைக்கூரையாலும் அங்கே மாரியம்மனுக்கு ஒரு கோயில் எழுப்பினார். புதிதாக வந்து இறங்கிய தமிழனுக்கு வேலையும் இருக்க இடமும் கிடைக்கும்வரை தங்க இடம் கொடுத்தது அந்தக் கோயில்தான். பகோடா தெரு என்ற பெயரே அதன் கோபுரத்தை வைத்து வந்தது. சீனர் பேட்டையில் வந்த அந்நியனுக்கு முதலில் பாயைப் போட்டுக் கொடுத்தவர்களில் நாமும் உண்டு. இது பெருமைதான். பெருமையோடு நின்றுவிட்டால் போதாது.

ஏனென்றால் அதே சிங்கப்பூரில், மேலும் கீழுமாகப் போட்ட அதே கட்டில், நம் பிள்ளைகளுக்கு வேறு விதமாகக் கிடைத்தது. 2020 ஏப்ரலில் கொரோனா அங்கே பரவியபோது, நோய் கண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர் தங்குமிடங்களில் இருந்தவர்கள். அவர்களில் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள் பலர். புதிதாகக் கட்டும் தங்குமிடங்களில் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது என்று விதி வந்தது அதற்குப் பிறகு, 2021-ல். உல்லாசப் பிரயாணிக்குக் கேட்காமலே கிடைத்த கணக்கு, கட்டடம் கட்டுகிறவனுக்கு ஒரு கொள்ளைநோய் வந்த பிறகே கிடைத்தது.

சிங்கப்பூரைக் குறை சொல்லிவிட்டு நாம் தப்பிவிட முடியாது. எங்கள் சிலமலையிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் ஏலமலை. விடியுமுன்பே இந்தப் பக்கத்து ஊர்ப் பெண்கள் ஜீப்புகளில் அடைந்துகொண்டு இடுக்கித் தோட்டங்களுக்கு ஏலக்காய் எடுக்கப் போகிறார்கள். எடுத்த காய் போடிக்கு ஏலத்துக்கு வருகிறது. 1928-ல் வந்து, 2010 முடிவில் அகலப்பாதைக்காக நின்றுபோன ரயில், 2023 ஜூனில் போடிக்குத் திரும்பி வந்துவிட்டது. வியாபாரி வருகிறார், மூணாறு போகிறவர் வருகிறார், லாரி டிரைவர் வருகிறார். இத்தனை பேர் வந்து போகிற ஊரில், தனி ஆளுக்கு ஒரு சுத்தமான கட்டில் என்று விலை சொல்லி விற்கிறவர் யார்? அறை உண்டு, இரண்டு பேருக்கு உண்டான வாடகையும் உண்டு. ஒற்றை ஆளாகப் போனால் சந்தேகம். ஒற்றைப் பெண்ணாகப் போனால் கதவடைப்பு.

இரண்டு மழைக்காலத்துக்கு முன் ஒரு ராத்திரி, மலைப்பாதையில் மண் சரிந்து வண்டிகள் நின்றுபோயின. ஒரு விடுதி வாசலில் எனக்கு முன்னால் தோட்டத்து வேலைக்காரர்கள் நாலு பேர், இரண்டு பெண்கள் உட்பட, நனைந்துகொண்டு நின்றார்கள்.

“ரூம் இல்லம்மா.”

“காசு வச்சிருக்கோம்ணே. விடிஞ்சதும் கெளம்பிருவோம்.”

“இல்லைன்னா இல்லைதான்.”

அவர்கள் படியிறங்கியதும், “உங்களுக்கு இருக்கு சார்” என்று என்னிடம் சாவியை நீட்டினார் அவர்.

“அவுகளுக்கு இல்லைன்னீங்க?”

“தோட்டத்து ஆளுக சார். பெட்ஷீட்டு பாழாயிரும்.”

நான் சண்டை பிடித்தேன். சண்டை ஓய்வதற்குள் அவர்கள் மழையில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்விட்டார்கள். பாழாகிற விரிப்பைத் துவைத்துக்கொள்ளலாம். அந்த நாலு பேரின் கையால்தான் இந்த ஊருக்கு ஏலக்காய் வாசனை என்பதை மறந்த மனத்தை எந்தச் சோப்பால் துவைப்பது?

“இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம், நமக்கு ஒத்துவராது” என்று ஒரு கட்சி உண்டு. ஜெர்மனியில் ரிச்சர்டு ஷிர்மன் என்ற பள்ளி ஆசிரியர் 1912-ல் ஆல்டெனா கோட்டையில் முதல் இளைஞர் விடுதியைத் திறந்தார் என்பது உண்மை. அதற்கு வெகுகாலம் முன்பே மதுரையில் ராணி மங்கம்மாள் பேரில் சத்திரம் இருந்தது. தஞ்சைச் சரபோஜி மன்னர் 1801-ல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில், தம் சத்திரங்களில் வழிப்போக்கருக்குச் சோறும், நோயாளிக்கு மருந்தும், கர்ப்பிணிக்குப் பராமரிப்பும் உண்டு என்று விவரித்திருக்கிறார். நகரத்தார் காசி வரைக்கும் சத்திரம் கட்டினார்கள். பழைய சத்திரங்களில் சாதி பார்த்தது உண்டு. அந்தக் களங்கத்தை நான் மறைக்க மாட்டேன். களங்கத்தை நீக்கிவிட்டுக் காரியத்தை வைத்துக்கொண்டிருக்க வேண்டும். நாமோ காரியத்தை விட்டுவிட்டோம். களங்கத்தை விடுதி வாசலில் பத்திரமாக வைத்திருக்கிறோம். சத்திரம் என்ற சொல்லே இன்று கல்யாண மண்டபத்துக்குப் பெயராகிவிட்டது. தினமும் பத்து வழிப்போக்கன் படுத்த இடத்தில், வருஷத்துக்குச் சில முகூர்த்தத்துக்கு ஆயிரம் பேர் சாப்பிடுகிறார்கள்.

“கட்டுப்படியாகாது” என்பது அடுத்த கட்சி. கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு பேருக்கு 1,000 ரூபாய் வாங்குகிற அறை சற்றே விசாலமாக இருந்தால், மேலும் கீழுமாக ஆறு கட்டில் போடலாம். கட்டிலுக்கு 200 ரூபாய் என்றாலும் 1,200 ஆகிறது. விரிப்பு துவைக்கிற கூலியும் அதில் அடங்கும். அரசாங்கமும் இதில் குற்றமற்றதல்ல. நாளுக்கு 1,000 ரூபாய்க்கு உட்பட்ட அறைகளுக்கு அதுவரை இருந்த வரிவிலக்கை எடுத்துவிட்டு, 2022 ஜூலை 18 முதல் நூற்றுக்கு 12 வரி போட்டார்கள். 2025 செப்டம்பரில் அதை 5 ஆகக் குறைத்தார்கள். குறைத்ததற்கு நன்றி சொல்லச் சிலர் தயார். ஏழை தலை சாய்க்கிற இடத்தில் கை வைத்ததே ஏன் என்று நான் கேட்கிறேன்.

ஒழுக்கம் கெட்டுவிடும் என்கிற கடைசிக் கட்சிக்குப் பதில் நீளமாக வேண்டியதில்லை. பூட்டிய தனி அறையில் நடக்காத எந்த ஒழுக்கக்கேடு எட்டுப் பேர் படுக்கும் பொது அறையில் நடந்துவிடும்?

நான் கேட்பது தர்மம் அல்ல. நகராட்சி போடி ரயிலடிக்கோ பஸ் ஸ்டாண்டுக்கோ பக்கத்தில் ஒரு கட்டில் விடுதி கட்டட்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனி அறை, தனிக் கழிப்பறை. தினம் துவைத்த விரிப்பு. பூட்டோடு ஒரு பெட்டி. அறைக்கு இத்தனை பேர், கட்டிலுக்கு இவ்வளவு காசு என்று வாசலில் ஒரு பலகை. காசு கொடுத்தவரை, அவர் தோட்டத்திலிருந்து வந்தாலும் ஜெர்மனியிலிருந்து வந்தாலும், திருப்பி அனுப்பக்கூடாது என்பதையும் அதே பலகையில் எழுதட்டும். அதைப் படித்துவிட்டு எந்தப் பெரிய மனிதராவது ஊர் கெட்டுவிட்டது என்று சொன்னால், முதலில் அவர் மகனைச் சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டு விசாரிக்கட்டும்.